ஐயரம்மா அழுத பகல்

மாலையில் விளக்கேற்றியதும் எதிர்வீட்டிலிருந்து இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று ஐயரம்மாவுடையது, மற்றது அவருடைய எட்டு வயது மகனுடையது. மேய்ப்பனைப் பற்றிய வேதாகமச் சங்கீதத்தில் ஒவ்வொரு வசனத்தின் முதல் பாதியை அவர் சொல்ல, மறுபாதியை அவன் சொல்வான். மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் இடத்தில் மட்டும் அப்பாவின் பிரசங்கக் குரலைப் போலத் தொண்டையைத் தடிப்பாக்கிக்கொண்டு முழங்குவான். ஐயரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "ஏலே, ஒழுங்காச் சொல்லு" என்பார், சிரித்துக்கொண்டே.

அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு எதிரே சபைப் போதகர் குடியிருக்கும் குருமனை இருந்தது. அவரை நாங்கள் ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் அழைப்போம். நான் அப்போதுதான் ஆசிரியைப் பயிற்சி முடித்துச் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் ஐயரம்மாவிடம் போய்ச் செத்த நேரம் பேசிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து அவர்களுக்குப் பிறந்த ஒரே பிள்ளை அவன்.

ஐயர் கண்டிப்பானவர், நல்லவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் அழுகையை மட்டும் அவரால் பொறுக்க முடியாது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அழக் கூடாது என்பார். பேகம்பூரில் தோல் பதனிடும் வேலைக்குப் போய்வந்த ஒரு அக்கா எங்கள் சபையில் இருந்தார். அவர் புருஷன் இறந்தபோது, கல்லறைத் தோட்டத்தில் மார்பில் அடித்துக்கொண்டு கதறினார். "போதும்மா. உன் புருஷன் கர்த்தருக்குள்ள தூங்குறாரு. இப்படி அழுதா உன் விசுவாசம் எங்கே போச்சு?" என்றார் ஐயர். அந்த அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அவர் தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்ததை ஐயரம்மாவும் நானும் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

அடுத்த கோடையில் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். ஊரில் தண்ணீருக்கே ஆலாய்ப் பறந்த காலம் அது. நாங்கள் முறைவைத்துக் குடம் சுமந்து, அவன் நெற்றிக்கு ஈரத்துணி போட்டோம். சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபித்தது. ஒரு விடிகாலையில் அவன் போய்விட்டான்.

அடக்கத்தன்று ஐயரம்மா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பினார். பாட்டில் ஒரு சரணம்கூட விடாமல் பாடினார். "என்ன விசுவாசம் பாருங்க" என்று பெரியவர்கள் மெச்சினார்கள். அதன்பின் வந்த ஞாயிறுகளிலும் அப்படியேதான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் வீட்டில் அவர் தேய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். நான் போனால் எழுந்து காப்பி போடுவார், டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அதைக் குடித்தேனா என்றுகூடப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாலை ஜெபத்தில் பழக்கத்தில் வசனத்தின் முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். மறுபாதியைச் சொல்ல ஐயருக்குக் குரல் எழும்பாது. எங்கள் வீட்டில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

தோல் வேலைக்குப் போகும் அந்த அக்கா அப்போது ஊரில் இல்லை. தாய்க்கு உடம்பு சரியில்லை என்று சாணார்பட்டிப் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்த அன்றுதான் அவருக்குச் சேதி தெரிந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு, துணிமூட்டையைக்கூட இறக்கிவைக்காமல் குருமனைக்கு வந்தார். உச்சிவெயில் நேரம். நான் ஐயரம்மாவுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்த அந்த அக்கா, பிறகு மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஐயரம்மாவைக் கட்டிக்கொண்டார்.

"எந்தாயி, அம்புட்டு அழகான பிள்ளையக் குடுத்துட்டு எப்படித் தாங்குறீக?"

ஐயரம்மா கட்டை மாதிரி நின்றார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தை அனுமதி கேட்பதுபோலக் கேட்டார்: "அழலாமா? அவுக கூடாதுன்னு சொல்லியிருக்காகளே."

"அழுங்கம்மா. ஐயா கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாக. அந்த ஏச்ச நான் வாங்கிக்கிறேன்."

அன்று அந்த வீட்டில் எழுந்த அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. பிள்ளையின் பேரைச் சொல்லிச் சொல்லித் தரையில் விழுந்து அழுதார் ஐயரம்மா. உள்ளறையில் பிரசங்கம் தயாரித்துக்கொண்டிருந்த ஐயர் கதவருகே வந்து நின்றார். அவரைக் கண்டதும் அந்த அக்கா பயந்து தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பொத்தாதம்மா" என்றார் ஐயர். அப்படியே சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தவர், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அந்த ஞாயிறு ஐயர், செத்து நாலு நாளான பிறகு இயேசு உயிரோடு எழுப்பிய பெத்தானியா ஊர் லாசருவின் கதையை வாசித்தார். கல்லறையைத் திறக்கச் சொல்லும் இடத்தைத்தான் அவர் எப்போதும் முழங்கிப் பேசுவார். அன்று இயேசு அழுத இடத்தோடு நின்றுவிட்டார். "கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்சவரே அழுதார். எழுப்பத் தெரியாத நான், உங்களை அழாதீங்கன்னு சொன்னேன். மன்னிச்சிருங்க" என்றார். கடைசி வரிசையில் இருந்த அந்த அக்கா தலை குனிந்திருந்தார். ஐயர் பிரசங்கத்தை அதோடு முடித்துக்கொண்டார்.

அழுததால் அந்தத் துக்கம் தீர்ந்துவிடவில்லை. ஐயரம்மா பழையபடி சிரித்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு வருடங்களில் ஐயருக்குப் பழனிப் பக்கம் மாற்றலானது. பிள்ளையின் கல்லறையை இங்கே விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. காலையில் வேதத்தைத் திறக்கும்போது அந்த அதிகாரம் வந்தால், கல்லறை வாசலுக்குப் போக எனக்கு அவசரம் இல்லை. இயேசு அழுத இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். என் வீட்டுக்காரரும் என் தோழிகளும் ஒவ்வொருவராகப் போன பிறகு, அங்கே உட்கார்ந்து நினைத்து அழ எனக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

அறுபதுகளில் எனக்குப் பிறந்த முதல் குழந்தை மூன்றாம் மாதத்தில் இறந்தது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பஸ் ஏறிப் பழனிப் பக்கம் ஐயரம்மாவைப் பார்க்கப் போனேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். பாயை விரித்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நரைத்துப்போயிருந்த ஐயர் ஜெபிப்பதற்காக வேதத்தைக் கையில் எடுத்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அதைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சப் போனார்.