கழுவித் துடைத்த அப்சிந்த் போத்தல்

பழைய மதுப் போத்தல்களை மெய்யா போலியா என்று பிரித்துச் சொல்லும் தொழிலில், மெய் என்றாலும் சந்தேகப்படுவார்கள், போலி என்றாலும் திட்டுவார்கள். 'தெரியவில்லை' என்ற நேர்மையான பதிலை மட்டும் எவரும் ஏற்கமாட்டார்கள். தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் ஓர் ஏல நிறுவனத்தில் அந்த வேலையைப் பார்த்தேன். இரசாயனவியல் படித்தது என் தகுதி. குடிப்பதில்லை, மணந்து மட்டும் பார்ப்பேன். பிறருடைய நம்பிக்கையைக் கையில் வாங்கி எடைபோடும் வேலையில் அகப்பட்டிருக்கும் அனைவருக்கும் இது சமர்ப்பணம்.

கிளிப்பச்சை

அப்சிந்த் என்பது கசப்பு மூலிகையும் பெருஞ்சீரகமும் சேர்த்து வடிக்கும் கடும் மது. ஐரோப்பாவில் வயிற்றுக்கு மருந்தாகத் தொடங்கி, பிரான்சின் கபேக்களில் மாலைப் பானமாகி, மனிதரைப் பைத்தியமாக்குகிறது என்ற பழியோடு முதலாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே தடைசெய்யப்பட்டது. தடைக்கு முந்திய போத்தலுக்கு ஆசைப்படுவோர் பெருக, போலிகளும் பெருகின.

நகரின் ரெக்ஸ்டேல் பகுதியிலிருந்து ஒருவர் அப்படியொரு போத்தலைக் கொண்டுவந்தார். உள்ளே கிளிப்பச்சை, லேபிளிலோ, பழசாகக் காட்டப் பூசிய தேயிலைச் சாயத்தின் மணம். இலைகளிலிருந்து வரும் பச்சை காலப்போக்கில் சருகின் நிறமாக மாறிவிடும், இவ்வளவு பளிச்சென்று இருப்பது நல்ல அறிகுறியல்ல என்று பொறுமையாக விளக்கினேன். அவர் போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "வாடினாத்தான் மெய்யோ? அப்ப வாழைப்பழத்தையும் அழுகவிட்டுத்தான் வாங்குவியளோ, அக்கா?"

சவர்க்கார வாசனை

மோர்னிங்சைட்டிலிருந்து அருளப்பு அண்ணை வந்தார். படுக்கையிலிருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவரைக் குளிப்பாட்டி, உணவூட்டிப் பராமரித்தவர். கிழவர் இறப்பதற்கு முன், தன் தகப்பனார் விட்டுச்சென்ற பொக்கிஷம் என்று சொல்லி ஓர் அப்சிந்த் போத்தலை இவரிடம் கொடுத்திருக்கிறார். செத்தவீட்டில் கிழவரின் மகன் சிரித்தானாம்: அப்பா இப்படிக் கதை சொல்லிக் குப்பையைத்தான் எல்லாருக்கும் கொடுப்பார் என்று.

போத்தலை வாங்கிப் பார்த்துத் திகைத்தேன். பளபளத்தது. அலுவலகத்துக்கு ஊத்தைச் சாமானோடு போகக்கூடாது என்று அவருடைய மனைவி மேரி அக்கா அதைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்திருக்கிறார். தூசியும் லேபிளும் போய்விட்டன. மெழுகு முத்திரை மட்டும் தப்பியிருந்தது. உள்ளிருக்கும் நிறத்தைக் காட்டாத கரும்பச்சைக் கண்ணாடி பழையதுதான். ஆனால் பழைய வெறும்போத்தலில் புதுச் சரக்கை நிரப்பி மெழுகு வைப்பது போலிக்காரருக்குப் பழக்கமான வேலை.

திறந்து பார்த்தால்தான் தெரியும், திறந்துவிட்டால் சேகரிப்பாளர் எவரும் வாங்கமாட்டார் என்றேன். அப்சிந்தின் மருத்துவ வரலாற்றையும் சொன்னேன். யோசித்துவிட்டு வருவதாக எழுந்தவர், கதவருகில் நின்று சொன்னார்: "விலையை விடும், பிள்ளை. அந்த மனுசன் என்னைப் பொய் சொல்லிப் பேக்காட்டினவரோ இல்லையோ, எனக்கு அதுதான் தெரியோணும்."

மேலாளரின் கேள்வி

தூசி இல்லாததால் அது போலி என்றார் மேலாளர். போலிக்காரர் தூசியைப் பூசுவாரே தவிரக் கழுவமாட்டார் என்றேன் நான். அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "தூசி இருந்தால் பூசியது என்கிறாய், இல்லாவிட்டால் கழுவியது என்கிறாய், உன்னை நம்பவைக்க அந்தப் போத்தல் வேறென்னதான் செய்யவேண்டும்?"

ஒரு தேக்கரண்டி

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். முத்திரை உடைந்திருந்தது. நான் பதறியதைக் கண்டு மேரி அக்கா பதறவில்லை. "இவருக்கு உந்த யோசினையில வயித்துப் பொருமல். நீர்தானே வயித்துக்கு மருந்தெண்டு சொன்னனீர். ஒரு தேக்கரண்டி குடுத்தன்."

"பொருமல் நிண்டிட்டுது," என்றார் அருளப்பு அண்ணை, சற்று வெட்கத்துடன்.

கிண்ணத்தில் சிறிது ஊற்றினேன். சருகின் நிறம். மணந்தேன், பெருஞ்சீரகமும் மூலிகையும் ஒன்றோடொன்று இழைந்திருந்தன. தண்ணீர் விட்டதும் பால்போலக் கலங்கியது. போலியும் அப்படித்தான் கலங்கும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், சாயம் கலந்திருக்கிறதா என்று சோதித்தேன். கலந்திருக்கவில்லை, அந்த நிறம் காலம் தந்ததுதான். "மெய்யானதுதான், அண்ணை. ஆனால் திறந்தபடியால் இனி ஒருத்தரும் வாங்கமாட்டினம்," என்றேன். சொன்ன செய்தியின் எந்தப் பாதிக்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அருளப்பு அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "அப்ப கிழவன் பொய் சொல்லேல்லை," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேரி அக்கா கையை நீட்டினார்: "மூடித் தாரும், பிள்ளை. மருந்தைத் திறந்து வைக்கக்கூடாது."

அந்த வேலையிலிருந்த காலமெல்லாம் நான் துளியும் ஐயமின்றி மெய்யென்று சொன்ன ஒரே போத்தல், இனி விற்கவே முடியாத போத்தல்தான்.