பல்வலிக்கு வைத்த புகையிலை

எனக்கு எழுபத்துமூன்று வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். புருஷன் போன பிறகும் ஒருத்தர் வாசலில் போய் நின்றதில்லை. பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் தையல் மெஷின். சீட்டை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் கன்னத்தில் ஒரு துண்டுப் புகையிலை அடக்கிக்கொள்வேன், பசி தெரியாது.

கடைசிப் பையனுக்கு எட்டு வயதில் கடைவாய்ப் பல் வலி. லீவு கிடைக்கவில்லை. என் சுருக்குப்பையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துச் சொத்தைக்குள் வைத்தேன். எங்கள் தையல் வரிசையில் மற்றத் தாய்மாரும் செய்ததுதான். வலி அடங்கியது. அந்தப் பல் விழுந்த பிறகும், “பல்லு வலிக்குதும்மா” என்று வாயைத் திறந்துகொண்டு வருவான். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

இப்போது அவனுக்கு நாற்பத்தைந்து. புகையிலையை விடுவான், மறுபடி போடுவான். போன தீபாவளிக்கு, “நான் ஒரே நாள்ல வுட்டவ. நீயெல்லாம் ஆம்பளையாடா?” என்றேன். அத்திபெலேவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவன் அப்புறம் இங்கே வரவில்லை. போனும் எடுப்பதில்லை. வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது.

போன வாரம் வாய்ப்புண்ணைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்னப் பெண்; பாட்டி என்பதைக் கன்னடத்தில் ‘அஜ்ஜி’ என்றாள். முன்பு புகையிலை போட்டதைச் சொல்லி, சிலரால் மட்டும் ஏன் விட முடிவதில்லை என்று கேட்டேன்.

“நிகோடின் மூளைக்குள்ள இருக்கற ஜீனை அழிக்காது அஜ்ஜி. எந்த ஜீன் வேல செய்யணும், எது சும்மா இருக்கணும்கறத மாத்திடும். வளர்ற வயசுல போனா அந்த மாத்தம் ரொம்ப நாள் நிக்கலாம். அப்பறம் விடறதுக்கு வைராக்கியம் மட்டும் பத்தாது, மருந்தும் வேணும்.”

“எட்டு வயசுலன்னா?”

“யாருக்குக் குடுத்தீங்க?”

“நானா? பக்கத்து வூட்டுக்காரி, அவ புள்ளைக்கு” என்றேன்.

பஸ்ஸில் வரும்போது கட்டிங் செக்ஷன் ஞாபகம் வந்தது. துணியை அளவாக வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டைகள் எல்லாம் ஆணியில் தொங்கும். எந்த அட்டையை இறக்குகிறார்களோ, அன்றைக்கு அந்தச் சட்டைதான். என் பையனுக்குள் வேறு அட்டையை இறக்கியது என் விரல்.

எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை வரும் மகளின் பெண், நான் சொல்லச் சொல்ல இதைப் போனில் எழுதினாள். டாக்டரிடம் பக்கத்து வீட்டுக்காரி என்று நான் சொன்ன இடம் வந்ததும் அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

“பாட்டி, அது மாமாதானே?”

“எழுதுடி. இது மாமாவுக்குத்தான் போவணும். அதுக்கு மின்னாடி ஒரு தடவ படிச்சுக் காட்டு. ஆம்பளையாடான்னு கேட்டேன் பாரு, அதையும் வுடாம படி.”