பாதி வெயில் பட்ட மேசை

இழைப்புளியக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். நாற்காலித் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் உப்புத்தாள் தேய்த்த பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவள். தேக்கின் குணம் அவளுக்கு அத்துபடி. இழைப்புளியின் அலகை அது சீக்கிரம் மழுக்கிவிடும். எண்ணெய்ப் பசை கொண்டது. தின்னரால் துடைத்த உடனே ஒட்டாவிட்டால் பசை பிடிக்காது. ஆனால் ஒருமுறை சேர்ந்துவிட்டால் வெயிலோ ஈரமோ அதை அசைக்காது.

பட்டறையின் முதல் பெரிய வேலை, பல் டாக்டரம்மா வீட்டுக்கு எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை. அதுதான் வம்பில் மாட்டிக்கொண்டது.

“என்னம்மா இது? ஒரு பக்கம் பச்சையா ஓடுது, ஒரு பக்கம் மஞ்சளா ஓடுது. நாலு மரத்தை ஒட்டி என் தலையில கட்டறீங்களா?”

“புதுசா இழைச்ச தேக்கு அப்படித்தான் இருக்கும் டாக்டரம்மா. வெளிச்சம் பட்டா ஒரே நிறத்துக்கு வந்துடும்.”

“சாயம் பூசிடலாமே அண்ணி,” என்றான் கொழுந்தன். பாலிஷ் அவன் வேலை, கை துறுதுறுத்தது.

“நீ சும்மா இரு. ஏன் டாக்டரம்மா, பல்லு மஞ்சளா இருக்குன்னு வந்தா பெயின்ட் அடிச்சா அனுப்பறீங்க?”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அடுத்த சனிக்கிழமை வர்றேன். இப்படியே இருந்தா வேற கடை பார்த்துக்கறேன்.”

மேசைப் பலகையை முற்றத்தில் வெயிலில் கிடத்திவிட்டு, அக்கா வெளியூரில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் பொருத்தப் போய்விட்டாள். சனிக்கிழமை காலை திரும்பியபோது பலகையின் பாதி தார்ப்பாய்க்குள் கிடந்தது.

“எவன்டா மூடினது?”

“பக்கத்துல சுவர் இடிக்கறாங்க, ஒரே தூசி அண்ணி. முதல் நாளே போட்டுட்டேன். பாதிக்குத்தான் எட்டுச்சு.”

“உன் புத்தியும் அவ்வளவுதான் எட்டுது.”

வாசலில் கார் வந்து நின்றது. அக்கா ஒரு கணம்தான் யோசித்தாள். டாக்டரம்மாவின் கண்ணெதிரே தானே தார்ப்பாயை உருவினாள். ஒரு பாதி தேன் நிறம். மறு பாதி அதே பச்சை, அதே மஞ்சள்.

டாக்டரம்மா வாயைத் திறக்கும் முன், “இந்த ரேகை மேல விரலை வச்சு அந்தக் கடைசி வரைக்கும் வாங்க,” என்றாள் அக்கா.

விரல் தேன் நிறத்தில் கிளம்பியது. தார்ப்பாயின் விளிம்பு விழுந்த இடத்தைத் தாண்டிப் பச்சைக்குள் போனது. ரேகை எங்குமே அறுபடவில்லை. டாக்டரம்மா அதோடு ஒட்டியிருந்த அடுத்த பலகையிலும் அதையே செய்து பார்த்தார்.

“இந்தப் பாதியும் அப்படி ஆகிடுமா?”

“ஒரு வாரம் குடுங்க. வீட்டுக்கு வந்த பிறகு ரெண்டு மாசத்துக்கு விரிப்பு வேண்டாம். பூச்சாடி வச்சா அடியில வட்டமா வெளுத்து நிக்கும்.”

“சாப்பிடவாவது விடுவீங்களா?”

“தாராளமா. சாப்பிட்டதும் தட்டை மட்டும் எடுத்துடுங்க.”