அம்மாவை எழுப்பிய ஊசி

உங்கள் அம்மாவுக்கு வயிற்றில் குழாய் விட்டுப் பார்த்த அன்று நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். பிறகு கேட்டபோது, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் அதிகமாத் தூங்கிட்டா" என்று சொல்லி வைத்தேன். பொய் இல்லை. ஆனால் அந்தத் தூக்கத்துக்குள் இருந்த அதிசயத்தைச் சொல்லவில்லை. பத்தாவதோடு நின்றவன் நான். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். தப்பு இருந்தால், நீங்கள் மேலே படித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காட்டிலிருந்து வெள்ளனே ஜீப்பில் கிளம்பினோம். நான், அம்மா, துணைக்குப் பெரியம்மா. ஆஸ்பத்திரி செண்பகனூர்ப் பக்கம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு ரோட்டு வளைவைக் கண்டாலே குமட்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம் தெருவில் 'மலை மாத்திரை' என்று ஒன்று உண்டே, அது எப்படி வந்தது தெரியுமா? பெரியப்பா தவறிய பிறகு பெரியம்மா தூக்கமில்லாமல் தவித்தார். வத்தலக்குண்டில் ஒரு டாக்டர் அவருக்கு எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரைதான் அது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பஸ் ஏறியவர், அத்தனை வளைவிலும் வாந்தியே இல்லாமல் தூங்கிக்கொண்டே போய் இறங்கினார். அதிலிருந்து தெருவில் யார் மலை ஏறினாலும் இறங்கினாலும் அட்டையிலிருந்து ஒன்று பிதுக்கிக் கொடுப்பார். காய்ச்சலுக்குப் போடுவதுதான் நமக்கு மருந்து. இது ஜீப்புக்குப் போடுவது. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

ஜீப்பில் பெரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொழுந்தனாரே, அவ மூஞ்சியப் பாருங்க, வெளுத்துப் போய்க் கெடக்கு. இன்னைக்கு ஒண்ணு பத்தாது. ரெண்டாப் போடட்டும்."

"அக்கா, தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னாங்களே?" என்றாள் அம்மா.

"தண்ணி எதுக்கு? எச்சிலக் கூட்டி முழுங்கு. ஜீப்புக்குப் போடுறது வேற, ஆஸ்பத்திரிச் சோலி வேற."

ஆஸ்பத்திரியில் நர்ஸ், "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். மலை மாத்திரையும் அதில் சேரும் என்றே தோன்றாமல் அம்மா, "இல்லைங்க" என்றாள்.

மயக்க ஊசி போட ஒரு டாக்டரம்மா வந்தார். முழு மயக்கம் இல்லை, பயம் தெரியாமல் இருக்க இலேசான தூக்கம்தான் என்றார். மருந்தின் பெயர் மிடாசோலமாம். தூங்கி எழுந்தால் நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது என்றும் சொன்னார்.

"தூக்கத்துல வீட்டு ரகசியத்த ஒளறிடுவனோ?" என்றாள் அம்மா.

"வாயில குழாய் இருக்கும்மா. எங்க ஒளறப் போறீங்க?"

அம்மா சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

குழாய் விட்டுப் பார்த்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. வயிற்றில் சின்னப் புண், மாத்திரையில் ஆறிவிடும் என்று வந்து சொன்னார்கள். ஆனால் அம்மா எழவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டபோது டாக்டரம்மா தலைமாட்டில் நின்று, அம்மாவின் தாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்கிலும் வாயிலும் ஆக்ஸிஜன் மூடி. நெஞ்சு ஏறுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஏறுவதற்காக நானும் மூச்சைப் பிடித்து நின்றேன்.

"நான் கொடுத்த அளவுக்கு இது ரொம்ப ஆழமான தூக்கம். மூச்சு மந்தமா இருக்கு. வீட்ல என்ன சாப்பிட்டாங்க?"

"ஒண்ணுமே இல்லைங்க."

வாசலிலிருந்து பெரியம்மா குரல் வந்தது. "மலை மாத்திரை மட்டுந்தாங்க. ரெண்டு."

"அது என்ன மலை மாத்திரை?"

பெரியம்மா பர்ஸைத் திறந்து அட்டையை நீட்டினார். நர்ஸ் வாங்கிக் காட்ட, டாக்டரம்மா பின்பக்கத்து எழுத்தைப் படித்தார். அவர் திட்டவில்லை. "இதுவும் நான் போட்ட ஊசியும் அக்கா தங்கச்சிம்மா. ரெண்டும் சேந்துக்கிச்சு" என்றார். அடுத்துத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இவங்க இத தினமும் சாப்பிடறவங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எழுப்பறதுக்கு ஒரு மருந்து இருக்கு. ஆனா தினமும் சாப்பிட்டுப் பழகின உடம்புக்கு அதப் போட்டா வலிப்பு வந்துடலாம்."

"சத்தியமா இல்லைங்க. எப்பவாச்சும் மலை எறங்குறப்பத்தான். தெனமும் போடுறவ நான்" என்று பெரியம்மா அழுதார்.

டாக்டரம்மா மருந்தை மொத்தமாக ஏற்றவில்லை. கொஞ்சம் ஏற்றி, முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். மறுபடி கொஞ்சம். நானும் முகத்தையே பார்த்தேன். முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு நாக்கு வந்து உதட்டை ஈரப்படுத்தியது. பிறகு, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவற விட்டவள் போலக் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள்.

"ஜீப்பு நின்னுருச்சா?" என்றாள்.

குழந்தைகளே, நீங்கள் பிறந்தபோதுகூட நான் வெளியேதான் நின்றிருந்தேன். ஒரு உயிர் மேலே வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான். கண்ணீர்த் துளி அளவு மருந்து அது! நான் கும்பிட்டுவிட்டேன், டாக்டரம்மாவையா, ஊசியையா, எனக்கே தெரியாது.

"கும்பிடறது இருக்கட்டும். இன்னும் முடியல" என்றார் அவர். பிறகு பொறுமையாக விளக்கினார். நான் பஸ் கணக்கில் புரிந்துகொண்டேன், அப்படியே சொல்கிறேன். மூளையை அமைதிப்படுத்த மூளைக்குள்ளேயே ஒரு சரக்கு சுரக்கிறது. பெரியம்மாவின் மாத்திரையோ மிடாசோலமோ தாமாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அந்தச் சரக்கின் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. எழுப்புகிற மருந்து அவற்றை அழிப்பதில்லை. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுபோல அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அது பக்கத்திலிருக்கும் பெருமாள்மலையிலேயே இறங்கிவிடுகிற பயணி. தூக்க மருந்து மதுரை வரைக்கும் டிக்கெட் எடுத்தது. சீட்டுக் காலியானதும் திரும்ப உட்கார்ந்துவிடும்.

"அதனால பேச்சுக் கொடுத்துட்டே இருங்க. கண்ணு சொருகினா உடனே கூப்பிடுங்க" என்றார்.

பேச்சுக்கா பஞ்சம்? அம்மா பேசினாள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து என்னைத் திட்டினாள். அடுப்படித் தகரம் ஒழுகுவது, அவளைக் கேட்காமல் மிளகை விற்றது, நான் விடும் குறட்டை. "ஏங்க, எங்கெங்கிருந்தோ வந்து ஏரியில போட்டுல ஏறிச் சுத்துறாங்க. மலையிலயே பொறந்த எனக்கு ஒரு தடவை கொடுத்து வைக்கல. ஏத்திவிடக் கை கடிக்குதா ஒங்களுக்கு?"

"நல்லாக் கேளுடி!" என்றார் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தத் திட்டு எனக்கு அர்ச்சனை போல இருந்தது. திடீரென்று ஒரு வசவு பாதியில் நின்றது. இமை இறங்கியது. "வெரசா ஓடுங்க!" என்று பெரியம்மா கத்தினார். டாக்டரம்மா சொன்னது வார்த்தை மாறாமல் நடந்தது. அவர் வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றினார், அம்மா மறுபடி மேலே வந்தாள். அதற்கப்புறம் ஆழமாகப் போகவில்லை. சாயங்காலம் ஜன்னலில் பனி வந்து மூடியபோது பசிக்கிறது என்றாள். ஆனாலும் இரவு அங்கேயே வைத்திருந்து பார்த்தார்கள்.

கிளம்பும்போது பெரியம்மா அட்டையைக் குப்பைத் தொட்டியில் போடப் போனார். டாக்டரம்மா கையைப் பிடித்துவிட்டார். "நீங்க சட்டுனு நிறுத்தக் கூடாதும்மா. எழுதிக் கொடுத்தவர்கிட்டப் போய்க் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க. ஊருக்குக் கொடுக்கறத மட்டும் இன்னையோட விட்டுடுங்க."

வீடு வந்த மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். நர்ஸ் அவள் பெயரைக் கேட்டது வரைதான் அவளுக்கு ஞாபகம். ஊசிக்கு முன்னாலேயே மலை மாத்திரை வேலையைத் தொடங்கிவிட்டது போல. டாக்டரம்மாவிடம் சிரித்தது, என்னைத் திட்டியது, இரண்டாவது தரம் மூழ்கியது, ஒன்றுமே இல்லை. கண் திறந்து, வாய் திறந்து, குறை ஒன்று விடாமல் பேசியவள் அவள்தான். அவளுக்கு மட்டும் அந்த மத்தியானமே இல்லை. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அவள் திட்டியதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடம் ஒப்பித்தேன்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டாள். "அம்புட்டையும் நானா சொன்னேன்?" என்றாள். முந்தானையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் போட்டுல ஏத்திவிடற விஷயத்துக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"