கோதையின் புது முத்திரை

நம்பாதவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. 1972 மார்கழியில், திருவள்ளூரில், மாதர் சங்கக் கட்டடத்தில், எனக்கே நடந்தது.

அங்கே விடியற்காலையில் பெண்களுக்கு யோகாசன வகுப்பு. சுப்பராயன் மாஸ்டர் நடத்தினார். ஆசனங்களைவிட முத்திரைகள் மீதுதான் அவருக்குப் பிரியம் அதிகம். கட்டைவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் தொட்டுக்கொண்டால் சின்முத்திரை. அதை முதலில் சரியாகப் பிடி, மனசு தானாக அடங்கும் என்பார்.

தை பிறந்ததும் ஊத்துக்கோட்டைப் பள்ளியில் எங்கள் வகுப்பின் செயல்விளக்கம். மேடையில் ஒரே ஒருத்தி முன்னால் உட்கார்ந்து எல்லா முத்திரைகளையும் காட்ட வேண்டும். அந்த ஒருத்தி நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். மாமியாரிடமும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்காகவாவது நான் அந்த மேடையில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

குறுக்கே நின்றவள் கோதைநாயகி. திருப்பாச்சூரில் நஞ்சை, குடித்தனம் ஊரின் மறுகோடியில். தியானத்துக்குக்கூட புடவைக்குப் பொருத்தமான வளையலோடுதான் வருவாள். முன்வரிசை நடுப்பலகை அவளுடையது. மாஸ்டர் எதை விளக்கினாலும் அவள் கையைத்தான் தூக்கிக் காட்டுவார். எனக்கு வயிறு எரியும். அவளைவிட என் விரல்கள் எந்த விதத்தில் குறைச்சல்?

மேடைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. அந்த வாரம் கட்டடத்தைப் பெருக்கும் முறை எனக்கு. சாவி என்னிடம் இருந்தது. இருப்பதே ஒரு சாவிதான். சீக்கிரமே போய் நடுப்பலகையில் உட்கார்ந்துவிடுவது என்று கிளம்பினேன்.

பூட்டைத் திறந்தபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம். கரண்ட் இல்லை. வேறு யாரும் வந்துவிடாமல் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, அரிக்கேன் விளக்கை ஏற்றித் தூக்கிப் பிடித்தேன்.

நடுப்பலகையில் கோதை உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்டர் இவளுக்கென்று தனிச் சாவி செய்து கொடுத்திருக்கிறார்!

"எப்ப வந்தே?" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எப்போதும் இந்த மிதப்புதான்.

பின்வரிசையில் உட்கார்ந்து அவளையே பார்த்தேன். மடிப்புக் கலையாத புதுப் புடவை. விடியற்காலை வகுப்புக்கு இது தேவையா? நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு, விளக்கொளியில் பளபளத்தது. பனிக்கு மப்ளர்போல, தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலைவரை வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தாள். ஊதுவத்தி வாசனை வேறு.

சம்மணம் போடவில்லை. கால்களை நேராக நீட்டி, பெருவிரல்கள் இரண்டையும் ஒட்டி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாத ஏதோ ஆசனம்.

மூச்சுச் சத்தமே இல்லை. மார்பும் அசையவில்லை. இவ்வளவு நேரம் மூச்சை அடக்க இவளுக்கு எப்போது சொல்லிக் கொடுத்தார்?

அப்புறம்தான் அவள் கைகளைக் கவனித்தேன்.

இரண்டு கைகளும் வயிற்றின் மேல். கட்டைவிரல்கள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டி நின்றன. இடையில் நூல் நுழையாது. அப்படியொரு முத்திரையை நான் பார்த்ததே இல்லை.

ஓகோ... மேடைக்கென்று தனிமுத்திரை! இவளுக்கு மட்டும்!

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. என் கண்ணை எரிச்சல் மறைத்திருந்தது.

"இன்னா முத்திரை இது? எனக்கும்தான் சொல்லேன்."

அவள் வாய் திறக்கவில்லை. உதடுகூட அசையவில்லை. ஆனால் குரல் வந்தது... பற்களுக்கு உள்ளேயிருந்து.

"பாத்துக்கினே... பண்ணு."

பண்ணினேன். கால்களை நீட்டினேன். கட்டைவிரல்களை ஒட்டினேன். கண்ணை மூடினேன்.

சில்லென்று இருந்தது.

சர்ர்... துணி கிழிகிற சத்தம்.

என் கட்டைவிரல்களை ஏதோ சுற்றியது. ஒரு சுற்று... இன்னொரு சுற்று...

இழுத்து முடிச்சுப் போட்டது.

கண்ணைத் திறந்தேன்.

நடுப்பலகை காலி.

கதவு... உள்பக்கம் நான் போட்ட தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

எழ முயன்றேன். கால்கள் பிரியவில்லை. கைகள் பிரியவில்லை. கட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கத்த வாயைத் திறந்தேன்.

தாடை அசையவில்லை.

வெளியே சைக்கிள் மணி. மாஸ்டர் கதவைத் தட்டினார். பிறகு இடித்தார். தாழ்ப்பாள் பெயர்ந்து விழுந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால்.

உள்ளே வந்தவர் என் கைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"கைய எடும்மா... மொதல்ல எடு!"

அவரே பிடித்து இழுத்தார். விரல்கள் பிரிந்தன. அப்போதுதான் எனக்குப் பேச்சே வந்தது.

"கோதைக்கு மட்டும் சொல்லிக் குடுத்தீங்களே சார்... அந்த முத்திரைதான்."

"முத்திரையா? பொணத்துக்கு இல்ல இப்பிடிக் கட்டுவாங்க!"

அவர் சொல்லி முடிக்கவில்லை, எங்கள் வகுப்பிலேயே இருக்கும், கோதையின் பக்கத்து வீட்டு முத்தம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"மாஸ்டர், கோதை பூட்டா! ராத்திரி பத்து மணிக்கே... நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவதான்..."

எல்லோரோடும் நானும் போனேன். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அதே புதுப் புடவை. தாடையில் அதே கட்டு. நெற்றியில் இருந்தது பொட்டு இல்லை, காசு.

ஆனால் கைகள் மட்டும் கட்டாமல் கிடந்தன. பக்கத்தில் அவள் மாமியார் புதுத் துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"கட்டித்தாம்மா வெச்சோம். அஞ்சு மணிக்கு மேல பாத்தா துணியக் காணோம். விரலு தானா இப்பிடி சேந்துக்கிச்சி. இன்னா பண்ணாலும் பிரிய மாட்டேங்குது."

குனிந்து பார்த்தேன். இரண்டு கைகளிலும் சின்முத்திரை. அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அந்த அம்மா என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீதான் வைஜயந்தியா? எந்நேரமும் உன் பேச்சுதான் அவளுக்கு. உன் கை மாதிரி எனக்கு அமையலியேன்னு அழுதுக்கினே இருப்பா. அந்தக் கை எனக்கு வந்துட்டா போதும்னு நேத்துகூட சொன்னா."

முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு, சின்முத்திரை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகக்கண் அளவு தள்ளியே நின்றுவிட்டது. இடக்கையிலும் அப்படியே.

ஊத்துக்கோட்டை மேடையில் முத்தம்மா உட்கார்ந்தாள். என் விரல்கள் இன்றுவரை சேரவில்லை. காட்டாத வைத்தியர் இல்லை. ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை.

கோதையின் விரல்களையும் கடைசிவரை யாராலும் பிரிக்க முடியவில்லை. பாடையில் தூக்கி வைத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் சுண்டுவிரல்கள் இரண்டும் கொஞ்சம் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கோதைக்கு ஒருநாளும் அப்படி மடங்கியதில்லை. வகுப்பில் எனக்கு மட்டும்தான் அப்படி மடங்கும்.