தையல்காரர் வீட்டு நீலப் பன்

தையல்காரர் வீட்டு விருந்தில் வருங்காலச் சம்பந்திகளுக்கு நீல நிறத்தில் பன் பரிமாறப்பட்டதாம். தின்றவர்களின் நாக்கு இன்னும் வெளுக்கவில்லையாம். தெருவில் இப்படி ஒரு பேச்சு. முடிவெட்டும் கடையில் பன் பச்சையாகிவிட்டது. மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சம்பந்தமே முறிந்துவிட்டது. உலை வாய்க்காவது மூடி உண்டு. விசாரித்துப் பார்த்ததில், இதில் காலே அரைக்கால் உண்மை இருக்கிறது. நாக்குகள் நலம். சம்பந்தமும் நலம். கெட்டுப்போனது வேறு.

தையல்காரர் தைப்பது சுமார், பேசுவது பிரமாதம். அளவெடுக்கும்போது அசையமுடியாமல் நிற்கிறவர்களிடம் தன் வீட்டு ஆவிப் பன்னைப் பற்றிச் சொல்வார். கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் பன்றியின் வயிற்றுக்கறியை, சோயா சாஸும் சர்க்கரையும் இஞ்சியும் போட்டு நிதானமாக வேகவைத்து, காலர் மாதிரி மடித்த பன்னுக்குள் சொருகினால் வெண்ணெயாகக் கரையும் என்பார். அத்தனையும் நிஜம். "நான் செய்யறேன்" என்பது மட்டும் பொய். செய்பவள் அவர் மனைவி. இவர் பங்கு, சமையலறை வாசலில் நின்று "ஆச்சா?" என்று கேட்பது.

மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் பெற்றோர் இந்தப் புகழைக் கேட்டு, ஞாயிறு மதியம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. அன்று காலை சம்பந்தியம்மாவிடம் இவர் போனில் குழைந்துகொண்டிருந்தார்.

"அவளா? அவளுக்கு மாவுப் பதமே பிடிபடாதுங்க. எல்லாம் என் கைதான்."

அடுப்படியில் இருந்தவள் காதில் அது விழுந்தது. நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கறி வெந்திருக்கு. மாவு பொங்கியிருக்கு. மீதி உங்களோடது."

"விளையாடாதே. வந்துடுவாங்க."

"வரட்டும். உங்க கையால சாப்பிடத்தானே வராங்க?" படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அப்பா, கடையில வாங்கிடலாமே," என்றாள் மகள்.

"என் பேரைக் கெடுக்கன்னே பொறந்தியா?"

மாவை உருட்டினார், தேய்த்தார், எண்ணெய் தடவி மடித்தார். மடிப்பைக் குறை சொல்லக்கூடாது, அழகு. ஆவி மூடியில் பட்டுச் சொட்டினால் பன் சப்பிப்போகும், அதனால் மூடிக்குத் துணி கட்டவேண்டும். வாசலில் நின்ற இத்தனை வருஷத்தில் அவர் கற்ற வித்தை இது ஒன்றுதான். ஆனால் அந்த வெள்ளைத் துணி படுக்கையறை அலமாரியில் இருந்தது. கேட்கலாம். கேட்டால் கேட்டதாகிவிடுமே! தையல் மெஷின் பக்கத்தில் கிடந்த புது லைனிங் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கட்டினார். கருநீலம். துணியோடு வருகிற ஒவ்வொருவரிடமும் "சாயம் போகுமா? நனைச்சுக் காயவச்சுக் கொண்டாங்க" என்று உயிரை வாங்குகிற மனிதர்!

மூடியைத் திறந்தால், ஒவ்வொரு பன்னின் உச்சந்தலையிலும் மைப்புட்டி கவிழ்ந்திருந்தது.

"அப்பா, எனக்குக் கல்யாணமே வேணாம்."

கதவைத் தட்டினார். "இங்க பாரு... சும்மா ஒரு நிமிஷம் வெளிய வாயேன்."

வந்தாள். பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முக்காலியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "காப்பாத்தறேன். ஆனா யாரு செய்யறதுன்னு அவங்க முன்னாடி, உங்க வாயால சொல்லணும்."

"சொல்றேன்."

"சத்தியமா?"

"அதான் சொல்றேங்கறேனே!"

விரலை நனைத்துக்கொண்டு, சூட்டோடு சூடாக ஒவ்வொரு பன்னின் மேல்தோலையும் உரித்தாள். நீலம் தோலோடு வந்துவிட்டது. உள்ளே வெள்ளை வெளேர். தோல்கள் குப்பைக்கூடைக்குப் போயின. அங்கே குப்பை எடுப்பவர் கண்ணில் பட்டு, தெருவுக்கும் போயின.

சம்பந்தியம்மா ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "தோலை உரிச்சு வச்சிருக்கீங்களே, இப்படி நான் எங்கயும் சாப்பிட்டதில்ல. என்ன முறை இது?"

மனைவி அவரைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். சொல்வதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. தையல்காரர் தொண்டையைச் செருமினார்.

"அது நம்ம தனி முறைங்க. தோல் இருந்தா கறியோட ருசி உள்ள இறங்காது பாருங்க." மனைவியின் பார்வை நகரவில்லை. "இவளும்... கூடமாட ஒத்தாசை பண்ணா."

"கொடுத்து வச்சவங்கம்மா நீங்க," என்றார் சம்பந்தி, அவளிடம்.

"ஆமாங்க. இன்னொன்னு வைக்கட்டுமா?"

விருந்தாளிகள் போனதும் அவரே ஆரம்பித்தார். "சொல்லத்தான் இருந்தேன். வாய் நிறைய பன்."

"இப்ப காலிதானே? போன் பண்ணுங்க."

"நாளைக்குப் பண்றேன்."

அந்த நாளை வரவில்லை. அதற்குள் சம்பந்தியம்மாவே போன் செய்துவிட்டாள், செய்முறை கேட்டு. தையல்காரர் போனைக் கையால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தார்: "மாவுக்குத் தண்ணி எவ்வளவு?"

மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீங்க சொல்லவேண்டியதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

அவர் உள்ளங்கைக்குள் சம்பந்தியம்மா, "ஹலோ? ஹலோ? இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.