பழைய இனிஷியலில் இருந்த சாவி

யாரும் சொல்லாமலேயே அந்த மின்னஞ்சல் கணக்கை நான் ஏன் மூடினேன்? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அக்காவை நினைத்தால், பல்லில் கவ்விய ஸ்க்ரூ டிரைவரோடுதான் அவர் முகம் நினைவுக்கு வருகிறது. பழுதானது, கல்யாணத்துக்கு முன் நான் வாங்கி, பிறகு புகுந்த வீட்டுக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டர். மழை நாளில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் மதர்போர்டு எரிந்துபோனது. கணவர் அலுவலகம் போயிருந்தார். அக்கா எங்கள் ஹாலில் தரையில் உட்கார்ந்து புது போர்டை மாட்டினார். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. ரேம் என்ற மெமரி அட்டையைக் கழற்றித் துடைத்து அழுத்தியதும் வெளிச்சம் வந்தது. ஆனால் வழக்கமான முகப்புக்குப் பதிலாக, நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்றைக் கேட்டு நின்றது.

"டிஸ்க்கு நல்லாத்தாம்மா கீது. புது போர்டைப் பார்த்து, வேற வூட்டுக்கு வந்துட்டோம்னு பூட்டிக்கினு உக்காந்துகினு கீது. உன் மெயிலைத் தொற, நம்பர் அதுல இருக்கும்."

ஃபோனில் திறந்தேன். அப்படி எந்த எண்ணும் இல்லை. மூன்று முறை தேடினேன். என் மகள் பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரையிலான வீடியோக்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன. ஃபோனில் இடமில்லை என்று நானே பொறுப்பாக அங்கே மாற்றி, ஃபோனிலிருந்து அழித்திருந்தேன்.

அக்கா ஃபோன் திரையில் மின்னஞ்சலில் இருந்த என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது வூட்டுக்காரர் இனிஷியல்தானே? வாங்கினப்போ இன்னா போட்ட?"

அப்பாவின் இனிஷியல். கல்யாணமானதும் ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு என்று பட்டியல் எழுதி ஒவ்வொன்றாக மாற்றி டிக் அடித்தேன். பட்டியலில் கடைசி வரி மின்னஞ்சல். புதிதாக ஒன்று தொடங்கி, பழையதை ஒரேயடியாக மூடிவிட்டேன். கம்ப்யூட்டர் வாங்கியபோது கொடுத்தது அந்தப் பழையதைத்தான்; பூட்டைத் திறக்கும் எண்ணும் அதோடு போய்விட்டது. மாமியார்கூட அதைக் கேட்கவில்லை.

"எனக்கு இன்னும் எங்க நைனா இனிஷியல்தான்," என்றார் அக்கா. "மரியாதைன்னு நெனச்சுக்காத. சோம்பேறித்தனம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "அழிச்சா இப்பவே ஓடும். ஆனா நான் அழிக்க மாட்டேன். வேற டிஸ்க் போட்டுத் தரேன், இதை எடுத்து வை."

கணவர் ஃபோனில் கேட்டபோது, "போர்டு மாத்துனா சில நேரம் இப்படி ஆவும் சார்," என்று மட்டும் அக்கா சொன்னார். முழுப் பொய்யில்லை. நான் அதைத் திருத்தவும் இல்லை.

அக்கா பிறகு பல்லாவரம் பக்கம் குடிபோய்விட்டார். பூட்டிய டிஸ்க் பீரோவில் சேலைகளுக்கு நடுவே இருக்கிறது. மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். தவழ்ந்த வீடியோவைக் காட்டு என்கிறாள்.

இப்படி மூடிய கணக்கிலிருந்து அந்த எண்ணை மீட்டவர் யாரேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். முடியவே முடியாது என்றால், கணவரிடம் இதை எப்படித் தொடங்குவது என்றாவது சொல்லுங்கள். அவர் இன்னும் அந்த மதர்போர்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.